மருமகனைத் தூங்கச் சொல்

வலேனி, ருமேனியா
7 அக்டோபர் 2020

அன்பு அக்கா,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கவே இந்த வருஷம் பயமாக இருக்கிறது. அதனால் கேட்கவில்லை. நலமாக இரு, அவ்வளவுதான்.

ஃபோன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று நீ முணுமுணுப்பது இங்கே கேட்கிறது. மணி அடித்தால் போதும், அம்மா மாட்டுக் கொட்டிலில் இருந்தாலும் ஓடி வந்து, "சத்தமா வையி, நானும் கேக்குறேன்" என்கிறாள். அவள் காதில் விழக் கூடாததை எழுதத்தான் வேண்டும். இத்தாலிக்குப் பெட்டி ஏற்றிப்போகிற கோஸ்டாகே நாளைக்கு வேனை எடுக்கிறான். பெட்டியில் வால்நட், பிளம் ஜாம், அப்பாவின் கம்பளி மேல்சட்டை இருக்கின்றன. மேல்சட்டையை உனக்குத்தான் கொடுக்க வேண்டுமாம். கூடவே இருந்து பால் கறக்கிறவளுக்கு ஒன்றும் கிடையாது.

விஷயம் இதுதான். அப்பா மறுபடியும் அம்மாவின் கனவில் வந்திருக்கிறார். கொட்டிலுக்குள் தாழ்ப்பாளைத் தடவிக்கொண்டே, "சவேதா, விளக்க எங்க வச்ச?" என்று கேட்கிறாராம். ஏப்ரலில் அவரை நகரத்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பினோம். திரும்பி வந்தது மூடிய பைதான். சாகும்போது கையில் மெழுகுவர்த்தி பிடித்துவிட அங்கே யாரும் இல்லை. பக்கத்து வீட்டு கட்டிங்கா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாளா? "வெளிச்சமில்லாமப் போனவங்க அப்படித்தான் அலைவாங்க" என்று கிணற்றடியில் சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை.

பதினெட்டாம் தேதி அப்பாவுக்கு ஆறாம் மாத நினைவுச் சாப்பாடு. வருகிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு மெழுகுவர்த்தி கொடுத்து, தெரு முழுவதையும் உட்கார வைக்கப் போகிறாளாம். "நாப்பது பேரு வந்தா நாப்பது வெளிச்சம். அந்த மனுசன் ஒண்ணப் புடிச்சாவது வழி கண்டுபிடிச்சுக்குவாரு." ஊரில் இப்போது இருமல் நிறைய. நான் சொன்னால் கேட்க மாட்டாள். நீ சொல்.

உன் தங்கை,
ஸ்மரண்டா


பிரெஷா, இத்தாலி
11 அக்டோபர் 2020

ஸ்மரண்டா கண்ணே,

மேல்சட்டையைப் போட்டுப் பார்த்தேன். முழங்கால் வரை வருகிறது. காலரில் இன்னும் புகையிலை வாசனை. கட்டிலில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதேன். அழுது முடித்துவிட்டேன், இனி திட்டு.

நாற்பது பேரா? உங்கள் இரண்டு பேருக்கும் சேர்ந்தே புத்தி பிசகிவிட்டதா? நான் சம்பளத்துக்குப் பார்த்துக்கொண்டிருந்த ஆல்தோ பெரியவர் எப்படிப் போனார் என்று உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. பிப்ரவரியில் ஒரு நாள் சீட்டாடப் போனார். மேஜையில் நான்கு பேர், ஒரு தட்டு ஆலிவ். இப்போது அந்த நான்கு பேரில் மிஞ்சியிருப்பது முடிதிருத்துகிறவன் மட்டும்தான். கடைசியில் பெரியவர் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு, கரையில் போட்ட மீன் போலக் கிடந்தார். சாவு மணி அடிப்பதையே கோவிலில் நிறுத்திவிட்டார்கள். அடித்தால் நாள் பூராவும் அடிக்க வேண்டியிருந்தது.

இங்கே செத்த ஒருவர் கையிலும் மெழுகுவர்த்தி இல்லை. அத்தனை பேருமா இருட்டில் அலைகிறார்கள்? அப்படியானால் மேலே ஒரே நெரிசலாகத்தான் இருக்கும், அப்பாவுக்குப் பேச்சுத் துணைக்காவது ஆள் கிடைத்திருக்கும். அம்மாவிடம் இதை அப்படியே சொல்லாதே, மனசு நொந்துபோவாள். பாதிரியாரை மட்டும் கூப்பிட்டு வீட்டோடு முடித்துக்கொள்ளச் சொல். இன்று ராத்திரி ஃபோனில் நானும் கெஞ்சிப் பார்க்கிறேன்.

அக்லாயா


வலேனி
28 அக்டோபர் 2020

அன்பு அக்கா,

நீ கெஞ்சினாய், "சரிடி கண்ணு, சரி" என்றாள், ஃபோனை வைத்ததும் நினைவுச் சாப்பாட்டுக்குக் கோதுமையைப் புடைக்க உட்கார்ந்தாள். நாற்பது பேர் என்றது பொய். அதற்கு மேலேயே வந்தார்கள். கூட்டம் கூடக் கூடாது என்று மின்கம்பத்தில் அறிவிப்பு ஒட்டினவனே முன்வரிசையில் உட்கார்ந்து இரண்டு முறை கோஸ் இலையில் சுற்றிய சர்மாலே வாங்கிச் சாப்பிட்டான்.

மழை பெய்ததால் முற்றத்தில் போட்ட மேஜைகளையெல்லாம் உள்ளே தூக்கிப் போட்டோம். ஜன்னலைத் திறந்தால் மெழுகுவர்த்தி அணைகிறது என்று சாத்திவிட்டார்கள். சாராயக் கிண்ணம் ஒன்றுதான், வழக்கப்படி கைமாறிக் கைமாறிப் போயிற்று. செத்தவருக்கு ஒரு சொட்டுத் தரையில், மிச்சம் வாயில். கட்டிங்காவின் அண்ணன் இக்னாத் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து இருமித் தீர்த்தான். "ஒண்ணுமில்ல, கோதும தொண்டையில சிக்கிருச்சு" என்றான். ஆளாளுக்கு முதுகில் தட்டிக் கொடுத்தார்கள். அப்படியே கிண்ணத்தை அம்மாவிடம் நீட்டினான்.

ஒன்று சொல்ல வேண்டும், அக்கா. அத்தனை வெளிச்சத்துக்கு நடுவில் அம்மாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அன்றைக்கு ராத்திரி ஏப்ரலுக்குப் பிறகு முதல் தடவையாக அசந்து தூங்கினாள். கனவில் அப்பா தாழ்ப்பாளைத் திறந்துவிட்டாராம்.

நேற்றுக் காலை சாராயப் புட்டியை மோந்து பார்த்துவிட்டு, "இதுல எவனோ தண்ணியக் கலந்துட்டான், வாசமே வரல" என்றாள். நான் மோந்து பார்த்தேன், மூக்கு எரிந்தது. மத்தியானம் காய்ச்சல். இக்னாத்தை முந்தாநாள் ஆம்புலன்ஸ் ஏற்றிப் போயிற்று.

ராத்திரி என் கையைப் பிடித்துத் திருப்படத்தின்மேல் வைத்தாள். "என்ன அந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்ப மாட்டேன்னு சொல்லு. மெழுகுவத்தி இல்லாம என்னச் சாக விட மாட்டேன்னு சொல்லு" என்றாள். சொல்லிவிட்டேன். வேறு என்ன செய்வது?

ஸ்மரண்டா


பிரெஷா
1 நவம்பர் 2020

ஸ்மரண்டா,

திட்ட நேரமில்லை. இந்தப் பெட்டியை ஜாக்கிரதையாகத் திற. உள்ளே இருப்பது ஆல்தோ பெரியவரின் ஆக்சிஜன் இயந்திரம். அவர் மகள் பாவ்லா கேட்டதும் கொடுத்துவிட்டாள், நல்ல பெண். சுவரில் செருகினால் போதும், காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்துக் குழாயில் அனுப்பும். விரலில் மாட்டுகிற சின்னக் கருவியும் வைத்திருக்கிறேன். ஊர் டாக்டரம்மாவுக்கு ஃபோன் பண்ணி, கருவி எந்த எண்ணைக் காட்டினால் இயந்திரத்தை எவ்வளவில் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால் போகத்தான் வேண்டும், ஆணையாவது மண்ணாவது. அதை நான் அம்மாவிடம் பேசிக்கொள்கிறேன்.

இப்போது சொல்வதை இரண்டு முறை படி. இது ஓடுகிற அறையில் நெருப்பு கூடாது. ஆக்சிஜன் துணியில், தலையணையில், முடியில் எல்லாம் ஏறி நிற்கும். ஒரு பொறி போதும், கட்டிலோடு எரிந்துவிடும். அதனால் விறகடுப்பு இருக்கிற அறையில் அம்மாவைப் படுக்க வைக்காதே. சாமி படத்துக்கு முன்னால் எரிகிற எண்ணெய் விளக்கை அணை. மூக்குக்குக் கீழே அவள் பூசிக்கொள்கிற கற்பூரத் தைலத்தைப் பிடுங்கி ஒளித்து வை, எண்ணெய்ப் பசையும் ஆகாது.

முத்தங்கள். முகக்கவசம் போட்டுக்கொள், கழுதை.

அக்லாயா


வலேனி
11 நவம்பர் 2020

அன்பு அக்கா,

இயந்திரம் வந்த அன்றே மாட்டிவிட்டேன். உதட்டில் நிறம் வந்தது. உனக்குக் கோடிப் புண்ணியம்.

ஆனால் வீட்டில் அடுப்பில்லாத அறை எது என்று நீயே யோசித்துப் பார். பெரிய அறைதான். நல்ல கம்பளங்களும் சீர்ப்பெட்டியும் இருக்கிற அறை, விருந்தாளி வந்தால் திறக்கிற அறை, செத்தவரைக் கிடத்துகிற அறை. கட்டிலை அங்கே இழுத்ததும் அம்மா வாசற்படியைப் பிடித்துக்கொண்டாள். "உசுரோட இருக்கும்போதே என்ன அங்க கொண்டு போடுறியா?" தூக்கிக்கொண்டுதான் போனேன். கனமே இல்லை, அக்கா.

விளக்கை அணைத்ததற்கு ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. "சாமிய இருட்டுல வச்சுட்டு நான் மூச்சு விடணுமா?" என்றாள். இப்போது கம்பளி மூன்றைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறாள். இயந்திரத்துக்கு மருமகன் என்று பெயர் வைத்திருக்கிறாள். இயந்திரம் எப்படி என்று டாக்டரம்மா ஃபோனில் கேட்டதற்கு, "ரெண்டு பொண்ணப் பெத்தும் ஒரு மருமகன் வாய்க்கல. இப்ப இத்தாலியில இருந்து ஒருத்தன் வந்திருக்கான். ராத்திரி பூரா உறுமுறான், ஒரு வேலையும் செய்யமாட்டான், குறை சொல்லவும் முடியல" என்றாள். டாக்டரம்மா சிரித்துவிட்டு, என்னிடம் தனியாக, "நுரையீரல் நல்லா இல்ல" என்றார். ஆஸ்பத்திரியில் இடம் காலியானால் சொல்கிறாராம். அம்மா போக மாட்டாள்.

இக்னாத் செத்துவிட்டான். பையில்தான் வந்தான். கட்டிங்கா நம் வேலிப் பக்கம் வருவதே இல்லை.

கேட்கப் பயமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். அம்மா தலையணைக்கு அடியில் மெழுகுவர்த்தி வைத்திருக்கிறாள். போன வருஷ ஈஸ்டருக்குக் கோவிலில் வாங்கியது. அந்த நேரம் வந்துவிட்டால் நான் என்ன செய்ய? இயந்திரம் ஓடும்போது கொளுத்தக் கூடாது. கொளுத்த வேண்டுமென்றால் அதை அணைக்க வேண்டும். அப்படித்தானே?

ஸ்மரண்டா


பிரெஷா
15 நவம்பர் 2020

ஸ்மரண்டா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எழுந்து நடந்தேன், உட்கார்ந்தேன், மறுபடியும் நடந்தேன்.

அணைக்கக் கூடாது. ஒரு நிமிஷம்கூட. அந்த நேரம் வந்துவிட்டது என்று உனக்கு யார் சொல்லப்போகிறார்கள்? மூச்சு இழுக்கிறவர்களெல்லாம் சாகிறவர்கள் இல்லை. மூன்று நாள் இழுத்துவிட்டு நான்காம் நாள் எழுந்து சூப் கேட்டவர்களை நான் இங்கே பார்த்திருக்கிறேன். மெழுகுவர்த்தியைக் கொளுத்துவதற்காக நீ காற்றை நிறுத்தினால், அம்மாவை அழைத்துப்போனது சாமியும் இல்லை, வியாதியும் இல்லை. நீதான். நீ மறக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை இப்படி எழுதுகிறேன்.

அந்த மெழுகுவர்த்தியைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துவிடு. எனக்குச் சத்தியம் செய். அம்மாவுக்கு ஒன்று செய்தாயே, எனக்கும் ஒன்று செய்.

நானே வந்திருப்பேன். இப்போது பார்த்துக்கொள்ளும் கிழவியை விட்டுவிட்டு வர முடியவில்லை. இங்கே மறுபடியும் எல்லாவற்றையும் பூட்டிவிட்டார்கள். தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் மட்டும்தான்.

அக்லாயா


வலேனி
25 நவம்பர் 2020

அக்கா,

அம்மாவை அடக்கம் செய்ததை ஃபோனில் பார்த்தாய். அழுதோம். கரண்ட் போய்விட்டது, இயந்திரம் நின்றுவிட்டது என்று உன்னிடமும் ஊரிடமும் சொன்னேன். பனி விழுந்த நாள், எல்லாரும் நம்பினார்கள். ஊர் அப்படியே நம்பட்டும். நீ நம்பக் கூடாது.

கரண்ட் போகவில்லை. நான்தான் அணைத்தேன்.

மத்தியானம். காலையிலிருந்தே விரல் நுனியெல்லாம் நீலம். இயந்திரத்தை உச்ச எண்ணில் வைத்திருந்தேன். டாக்டரம்மா ஆம்புலன்ஸ் அனுப்பிவிட்டார், ஆனால் மலைப் பாதையில் பனி, சாயங்காலம்தான் வரும் என்றார்கள். அம்மாவுக்கு அது காதில் விழுந்துவிட்டது. குழாயை மூக்கிலிருந்து இழுத்துப் போட்டாள். நான் மாட்டினேன். மறுபடியும் இழுத்தாள்.

"மருமகனத் தூங்கச் சொல்லு" என்றாள்.

"இல்லம்மா. அக்கா திட்டும்."

"அவ கெடக்கா. நீ யாருக்கு மொதல்ல சத்தியம் பண்ண?"

அணைத்தேன். அந்தச் சத்தம் நின்றதும் வீடு எவ்வளவு அமைதியாக இருந்தது தெரியுமா? நீ எழுதினது ஞாபகம் வந்து ஜன்னலைத் திறந்து கம்பளிகளை உதறினேன். அறைக்குள் பனி வந்தது. கொஞ்சம் பொறுத்து, கட்டிலை விட்டுத் தள்ளி நின்று தீக்குச்சியைக் கிழித்தேன். ஒன்றும் பற்றவில்லை, திரி மட்டும்தான். அவள் விரல்களுக்குள் மெழுகுவர்த்தியை வைத்து மேலே என் கையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். அம்மா அதைப் பார்த்தாள். அப்புறம் ஜன்னலைப் பார்த்தாள். "சாத்துடி, திரி அணைஞ்சிரும்" என்றாள். கடைசியாகப் பேசியது அதுதான்.

அதற்கப்புறமும் மூச்சு ஓடிற்று, அக்கா. நான் நினைத்ததைவிட ரொம்ப நேரம் ஓடிற்று. அதுதான் என்னைத் தின்கிறது. அவ்வளவு நேரம் இருந்தவள், இயந்திரமும் ஓடியிருந்தால், ஆம்புலன்ஸ் வரும்வரை இருந்திருப்பாளோ? நாலாம் நாள் சூப் கேட்டிருப்பாளோ? பாதியில் இயந்திரத்தை மறுபடி போட்டுவிடலாம் என்று கை எழுந்தது. ஆனால் அவள் முகம் அன்றைக்கு நினைவுச் சாப்பாட்டில் இருந்தது போலவே இருந்தது. போடவில்லை.

பாதி மெழுகுவர்த்தி மிச்சம். சொந்தத் துணியில், சொந்தப் பாவாடையில், பூப்போட்ட தலைக்குட்டையோடு போனாள். பையில் இல்லை.

எழுது. என்ன வேண்டுமானாலும் எழுது.

ஸ்மரண்டா


வலேனி
9 டிசம்பர் 2020

அக்கா,

கோஸ்டாகே இரண்டு முறை வெறுங்கையோடு வந்துவிட்டான். கடிதத்தை உன் கையில்தான் கொடுத்தேன் என்று சத்தியம் பண்ணுகிறான். ஃபோன் பண்ணினால் எடுக்க மாட்டேன் என்கிறாய். ஒரு தடவை எடுத்தாய், ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டாய்.

கோபம் என்றால் திட்டு. நீ திட்டாமல் நான் வளர்ந்ததே இல்லை. பெரிய அறையைப் பூட்டிவிட்டேன். மருமகன் உள்ளே மூலையில் நிற்கிறான். பால் கறக்கப் போகும்போதும் வரும்போதும் அந்தக் கதவைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது.

நீதான் என்று எழுதியிருந்தாயே, அதை இன்னொரு முறை எழுதினாலும் பரவாயில்லை. சும்மா இருக்காதே.

ஸ்மரண்டா


பிரெஷா
13 டிசம்பர் 2020

என் ஸ்மரண்டா,

கோபம் இல்லை என்று பொய் எழுத மாட்டேன். இருந்தது. உன் கடிதத்தைக் கிழித்தேன், பிறகு ஒட்டினேன். ஒரு வாரம் உன்னோடு மனசுக்குள் சண்டை போட்டேன், எல்லாச் சண்டையிலும் நான்தான் ஜெயித்தேன்.

அப்புறம் ஆல்தோ பெரியவர் ஞாபகம் வந்தது. உனக்குச் சொல்லாத மிச்சம் ஒன்று உண்டு. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதேதான் அவர் போனார். நான் பக்கத்தில்தான் இருந்தேன், கவனிக்கவில்லை. குழாயில் காற்று வருகிற சத்தம், அதனால் மூச்சு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அவருக்குச் சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். கையைத் தொட்டபோது ஜில்லென்று இருந்தது. அந்தப் பாழாய்ப்போன இயந்திரம் செத்தவர் மூக்கில் ஊதிக்கொண்டிருந்தது. கடைசியில் நான்தான் அணைத்தேன். அவர் கையை யாரும் பிடித்திருக்கவில்லை. அம்மா கையை நீ பிடித்திருந்தாய்.

அதனால் நீதான் என்று எழுதியதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். இதற்குமேல் அதைப் பற்றிக் கேட்க மாட்டேன், நீயும் உன்னையே கேட்டுக்கொண்டிருக்காதே.

ஃபோனை எடுக்காதது கோபத்தால் இல்லை, கழுதை. பேச வாயைத் திறந்தால் இருமல் வருகிறது. நீ கேட்டுவிடுவாய் என்றுதான் வைத்தேன். கிழவிக்கு முதலில் வந்தது, பிறகு எனக்கு. இப்போது காபி வெந்நீர் மாதிரி இருக்கிறது. வாடகை அறையில் தனியாகப் படுத்திருக்கிறேன். பாவ்லா தினமும் வாசலில் சூப் வைத்துவிட்டு மணி அடித்துவிட்டு ஓடிவிடுகிறாள். பாவ்லா கொண்டுவந்த இன்னொரு விரல் கருவி காட்டுகிற எண் நேற்றைவிட இன்று குறைவு. இன்னும் குறைந்தால் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்கிறார் டாக்டர். அங்கே உள்ளே போகிறவரோடு யாரையும் விடுவதில்லை.

மருமகனைக் கோஸ்டாகேயிடம் கொடுத்துவிடு. இங்கே எங்கே கேட்டாலும் இயந்திரம் கிடைக்கவில்லை. அதே பெட்டியில் அந்த மிச்ச மெழுகுவர்த்தியையும் வை. சிரிக்காதே. நான் பேசிய பேச்சுக்கு நீ சிரிக்கலாம்தான். ஆனால் அப்பாவின் மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன், விளக்கை அணைக்கப் பயமாக இருக்கிறது. ஆள் இல்லாமல் மெழுகுவர்த்தியைத் தனக்குத்தானே பிடித்துக்கொண்டால் செல்லுமா என்று பாதிரியாரிடம் கேட்டு எழுது.

உன் அக்கா,
அக்லாயா


வலேனி
17 டிசம்பர் 2020, வியாழன்

அக்கா,

உன் கடிதத்தைப் படித்ததும் ஃபோன் பண்ணினேன். எடுத்து, இருமலை அடக்கிக்கொண்டு "ம்" என்றாய். இப்போதைக்கு அந்த "ம்" போதும்.

கோஸ்டாகே வாசலில் வண்டியை உறுமவிட்டுக்கொண்டு நிற்கிறான். மருமகனை நான்கு கம்பளியில் சுற்றி முன் சீட்டில் உட்கார வைத்திருக்கிறேன். பெட்டிகளோடு பெட்டியாகப் போட்டால் உதைப்பேன் என்று சொல்லியிருக்கிறேன். பாவ்லாவிடம் சொல்லி மாட்டிக்கொள். ஜாம், கோழி சூப்பு, பூண்டு எல்லாம் கீழே இருக்கின்றன. நானும் இதிலேயே ஏறியிருப்பேன், ஆனால் பரிசோதனைச் சீட்டு இல்லாமல் எல்லையில் விட மாட்டார்களாம். மூக்கில் குச்சி விட்டுவிட்டு வந்திருக்கிறேன், முடிவு நாளை. சனிக்கிழமைப் பேருந்தில் இடம் சொல்லிவிட்டேன். மாட்டை யாரிடம் விட்டேன் தெரியுமா? கட்டிங்காவிடம். வேலிக்கு வந்து நின்று, "போய் அக்காவப் பாருடி, பால நான் பாத்துக்குறேன்" என்று அவளே சொன்னாள்.

பாதிரியாரைக் கேட்டேன். தனக்குத்தானே பிடித்துக்கொண்டால் சாமி ஏற்றுக்கொள்வார், அவர் கருணை பெரிது என்றார். அவர் ஏற்றுக்கொள்ளலாம். நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

பெட்டியில் மெழுகுவர்த்தியைத் தேடாதே. வைக்கவில்லை. அது என் கோட்டுப் பையில் இருக்கிறது, நான் கொண்டு வருகிறேன். மெழுகுவர்த்தி இல்லாமல் சாக விட மாட்டேன் என்று அம்மாவுக்குச் செய்த சத்தியம் இனி நம் வீட்டில் எல்லாருக்கும்தான். உன்னிடம் மெழுகுவர்த்தி இல்லை. அதனால் நான் வரும்வரை உனக்கு அனுமதி இல்லை.

கதவைத் தாழ்ப்பாள் போடாதே.

ஸ்மரண்டா